புரோபேஷன் வாரண்டும் குடும்பத்தின் கதியும்

குற்றம் செய்தவன் தண்டனை அடையவேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயங்களுக்கு இடமில்லை. ஆனால், ஷரத்தை மீறியதாக ஓர் உத்தியோகஸ்தர் எழுதி அனுப்பிய ஒரே காரணத்தினால், அது ருஜுவாவதற்கு முன்னமே ஒரு குடும்பஸ்தனைப் பிடித்து, ஜாமீனுக்கும் வழியில்லாமல் வாரக்கணக்கில் அடைத்து வைப்பது நியாயமா என்று கேட்டால், ஆம் என்று சொல்லத் துணிகிறவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். தனி மனிதனுடைய சுதந்தரத்தைத் தன் அரசியல் சாசனத்தின் உயிர்நிலையாகக் கொண்டிருக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் காரியம் அன்றாடம் நடந்து வருகிறது. அதைப் பற்றி நிதானமாக ஆராய்வதே இன்று நமது நோக்கம்.

விஷயம் சிறியதன்று. 2022-ஆம் வருஷ முடிவில் அந்த நாட்டில் புரோபேஷன் கண்காணிப்பில் இருந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். சிறைச்சாலைகளில் தண்டனை அனுபவித்தவர்களோ சுமார் 12 லட்சம் பேர்தான். அதாவது, சிறைக்கு வெளியே, ஆனால் சிறையின் நிழலிலேயே வாழ்கிறவர்கள், உள்ளே இருப்பவர்களைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறார்கள். இவர்களில் நாலில் ஒரு பங்கு பெண்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். ஆகவே, வாரண்டு வரும் நாளில் கலங்கி நிற்பது மனைவியாகவும் இருக்கலாம், கணவனாகவும் இருக்கலாம். பெரும்பாலும் மனைவியே என்பதால் இங்கே அவளை வைத்தே பேசுகிறோம்.

ஒரு செருப்புத் தொழிலாளியின் தர்மம்

இந்த ஏற்பாடு தோன்றிய விதத்தை முதலில் தெரிந்துகொள்வது அவசியம். பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்ற ஒருவர் பூட்ஸ் தைக்கும் தொழில் நடத்தி வந்தார். 1841-ஆம் வருஷத்தில் ஒரு நாள், குடிவெறிக் குற்றத்துக்காகக் கோர்ட்டில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு மனிதனைக் கண்டு அவர் மனமிரங்கினார். இனிக் குடிப்பதில்லை என்று அந்த மனிதன் வாக்களித்தபேரில், அவர் அவனுக்காக ஜாமீன் ஏற்று அழைத்துச் சென்றார். மூன்று வாரம் கழித்து அவனை மறுபடியும் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது, இவன்தானா அந்தக் குடிகாரன் என்று அங்கிருந்தவர்கள் ஐயுறும்படி மாறியிருந்தான். நீதிபதி ஒரு ஸெண்ட் அபராதமும் கோர்ட்டுச் செலவும் மட்டும் விதித்து அவனை விடுவித்தார். 1859-ல் காலமாகும் வரையில் அகஸ்டஸ் இவ்விதம் கைகொடுத்து மீட்டவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்.

அந்தத் தனி மனிதரின் தர்மத்தையே மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் 1878-ல் சட்டமாக்கிற்று. மத்திய கோர்ட்டுகளில் அது நுழைவதற்கு நெடுங்காலம் பிடித்தது. சட்டத்தின் உத்தரவின்றித் தண்டனையை நிறுத்தி வைக்க மத்திய நீதிபதிகளுக்கு அதிகாரமில்லை என்று 1916-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டபடியால், 1925-ல் காங்கிரஸ் சபை தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. இன்று நாடு முழுவதிலும் இந்த முறை பரவியிருக்கிறது.

அகஸ்டஸ் செய்ததற்கும் இன்று நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேயே குறித்துக்கொள்ளவேண்டும். அவர் தாமே ஜாமீன் நின்றார். தம் கைப்பொருளைப் பணயம் வைத்தார். வேலை தேடிக் கொடுத்தார். இன்றைய புரோபேஷன் அதிகாரியின் கையிலோ ஷரத்துகளின் ஜாபிதா ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து ஒவ்வொன்றும் நிறைவேறியதா என்று குறித்து, நிறைவேறாவிட்டால் கோர்ட்டுக்கு எழுதுவதே அவருடைய உத்தியோகத்தின் பெரும் பகுதியாகிவிட்டது. அதிகாரிகளில் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு முறையின் தன்மையை அதை நடத்துகிறவர்களின் நல்ல குணத்தைக் கொண்டு அளக்கக்கூடாது. அது அவர்களுக்கு அளித்திருக்கும் அதிகாரத்தைக் கொண்டே அளக்கவேண்டும்.

ஷரத்துகள் வீட்டுக்குள் நுழையும் விதம்

குறித்த நாளில் அதிகாரியின் முன் ஆஜராகவேண்டும், அனுமதியின்றி ஜில்லா எல்லையையோ ராஜ்ய எல்லையையோ தாண்டக்கூடாது, வேலையில் இருக்கவேண்டும், மது அருந்தக்கூடாது, சிறுநீர்ப் பரிசோதனைக்கு உடன்படவேண்டும், இத்தனை மணிக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, தண்டனை அடைந்தவர்களோடு பழகக்கூடாது, அபராதத்தையும் நஷ்டஈட்டையும், பல ராஜ்யங்களில் கண்காணிப்புக்கான மாதக் கட்டணத்தையும் செலுத்தவேண்டும். பொதுவாக விதிக்கப்படும் ஷரத்துகள் இவை. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகவே தோன்றும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, பல வருஷம் ஒரு நாளும் தவறாமல் நடக்கவேண்டும் என்றால், தண்டனையே அறியாத நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? பஸ் தவறிவிட்டது என்றால் ஆஜராகவில்லை என்று குறிப்பு. மேஸ்திரி கூடுதல் நேரம் வேலை செய்யச் சொன்னால் ஊரடங்கு ஷரத்து மீறல். அடுத்த ராஜ்யத்தில் மாமியாரின் சவ அடக்கத்துக்குப் போனால் எல்லை தாண்டிய குற்றம்.

ஷரத்து கணவன் பேரில் எழுதப்படுகிறது. ஆனால் அது மனைவியையும் கட்டுகிறது. அவளுக்குச் சொந்தமான துப்பாக்கி, சட்டப்படி வாங்கியதாகவே இருந்தாலும், அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அவன் வசம் இருந்ததாகவே கருதப்படலாம். அவளுக்கென்று பெட்டியில் வைத்த மதுப் புட்டி அவனுக்கு எதிரான சாட்சியம் ஆகலாம். 1987-ல் கிரிஃபின் எதிர் விஸ்கான்ஸின் என்ற வழக்கில், புரோபேஷனில் இருந்த ஒருவருடைய வீட்டை வாரண்டு இல்லாமல் அதிகாரிகள் சோதனையிட்டது செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வீடு ஒருவனுக்கு மட்டும் சொந்தமன்று. எந்தக் குற்றமும் செய்யாத மனைவியும் மக்களும் அதே கூரையின் கீழ் இருக்கிறார்கள். புரோபேஷன்காரருடைய உரிமை சுருங்கும்போது, அவரோடு வாழ்கிறவர்களின் உரிமையும் கேள்வியின்றிச் சுருங்கிவிடுகிறது.

கைதான பிறகு சட்டம்

இனிக் கைதுக்குப் பின் நடப்பதைப் பார்ப்போம். புதிதாக ஒரு குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உள்ள பாதுகாப்புகள் அநேகம். ஜூரியின் முன் விசாரணை உண்டு. ஐயத்துக்கு இடமின்றி ருஜுப்படுத்தும் பொறுப்பு சர்க்காரைச் சேர்ந்தது. கேள்விப்பட்ட சாட்சியம் பெரும்பாலும் தள்ளுபடியாகும். புரோபேஷன் மீறல் விசாரணையில் இவை இல்லை. ஜூரி கிடையாது. நீதிபதி ஒருவரே விசாரித்து முடிவு செய்கிறார். மீறியிருப்பதற்கே அதிக சாத்தியம் என்ற அளவு ருஜு பெரும்பாலான ராஜ்யங்களில் போதும். கேள்விப்பட்ட சாட்சியமும் அடியோடு விலக்கப்படுவதில்லை. ஒரு குற்றத்தில் ஜூரி விடுதலை செய்த பிறகும், அதே செய்கைக்காகப் புரோபேஷனை ரத்து செய்து சிறைக்கு அனுப்ப இடமிருக்கிறது. சாதாரண ஜனங்களுக்கு இது புதிராகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. தண்டனை முன்பே விதிக்கப்பட்டுவிட்டது, இப்போது நடப்பது புது வழக்கன்று, பழைய வழக்கின் தொடர்ச்சியே என்பது இதற்குச் சட்டம் கூறும் சமாதானம்.

1973 வரையில் இந்தச் சொற்பப் பாதுகாப்புக்கூட உறுதியாயிருக்கவில்லை. விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் 15 வருஷ தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, 7 வருஷ புரோபேஷனில் விடப்பட்ட ஒருவர், 1965-ல் இல்லினாய் ராஜ்யத்தில் பிடிபட்டார். எந்த விசாரணையும் இல்லாமலே அவருடைய புரோபேஷன் ரத்தாகி, அவர் சிறை சென்றார். கேக்னன் எதிர் ஸ்கார்பெல்லி என்று பெயர் பெற்ற அந்த வழக்கில்தான், முதலில் ஒரு பூர்வாங்க விசாரணையும் பிறகு ஒரு முடிவான விசாரணையும் நடத்தியே தீரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. முந்திய வருஷத்தில் பரோல் பற்றி மாரிஸ்ஸி எதிர் ப்ரூவர் வழக்கில் சொன்னதையே புரோபேஷனுக்கும் விரித்துச் சொன்னது. மீறல் இன்னதென்று எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும்; எதிரான சாட்சியத்தைக் காட்டவேண்டும்; தன் பக்கம் சாட்சி விடவும், எதிர்ச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் பொதுவாக இடம் கொடுக்கவேண்டும்; முடிவுக்குக் காரணம் எழுதவேண்டும். ஆனால் வக்கீல் வைக்கும் உரிமையை எல்லோருக்கும் கோர்ட்டு வழங்கவில்லை. வழக்குக்கு வழக்கு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. பல ராஜ்யங்கள் தம் சொந்தச் சட்டத்தினால் அந்தக் குறையை நிரப்பியிருக்கின்றன.

இந்தத் தீர்ப்புகளில் அடங்கிய ஒரு முக்கியமான விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. விசாரணையில் கேள்விகள் இரண்டு. ஷரத்து மீறப்பட்டதா என்பது முதற் கேள்வி. மீறப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அதற்காகச் சிறைக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்பது இரண்டாவது. முதற் கேள்வியில் தோற்றவர்கள் இரண்டாவதில் வெல்ல முடியும். காரணம் இருந்ததா, நோயா, வேலை போனதா, வேறு வழியில் திருத்த முடியுமா என்பதெல்லாம் இங்கேதான் எடுபடும். குடும்பத்தின் குரலுக்குக் கோர்ட்டில் இடம் உண்டென்றால் அது இந்த இடத்திலேயே.

பணம் கட்ட முடியாதவன் கதையும் இதைச் சேர்ந்ததே. ஜார்ஜியா ராஜ்யத்தில் 1980-ல் ஓர் ஏழைத் தொழிலாளிக்கு 500 டாலர் அபராதமும் 250 டாலர் நஷ்டஈடும் விதித்துப் புரோபேஷனில் விட்டார்கள். பெற்றோரிடம் கடன் வாங்கி 200 டாலர் கட்டினார். பிறகு வேலை போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு வேறு வேலை அகப்படவில்லை. பாக்கி 550 டாலர் கட்டவில்லை என்று புரோபேஷன் ரத்தாயிற்று. கட்டுவதற்கு உண்மையாக முயன்றும் முடியாதவனை, வேறு தண்டனை போதாதா என்று பாராமல், வறுமைக்காகவே சிறையில் அடைக்கக்கூடாது என்று 1983-ல் பியர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிற்று. சொல்லி நாற்பது வருஷம் கடந்துவிட்டது. ஆனால் கட்ட முடியாமை என்பதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும், காகிதம் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் தீர்ப்பு புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது.

உண்மையான தண்டனை எங்கே?

ஆயினும், விசாரணையின் குறைகளைக் காட்டிலும் கொடியது விசாரணைக்கு முந்திய சிறைவாசமே என்பது நமது அபிப்பிராயம். மத்திய கோர்ட்டு விதிகளின்படி, பிடிக்கப்பட்டவனை வீண் தாமதமின்றி மாஜிஸ்டிரேட் முன் கொண்டு நிறுத்தவேண்டும். ஆனால் ஓடிவிட மாட்டேன், யாருக்கும் தீங்கு செய்ய மாட்டேன் என்று தெளிவான ருஜுவால் காட்டும் பாரம் அவன் தலையிலேயே விழுகிறது. ராஜ்யக் கோர்ட்டுகள் பலவற்றில் ஜாமீனே கிடையாது என்ற குறிப்போடு வாரண்டு வருகிறது. முடிவான விசாரணை நாள் வரும்வரை உள்ளே இருக்கவேண்டியதுதான்.

அந்த நாட்களில் என்ன நடக்கிறது? முதல் வாரத்தில் வேலைக்கு வரவில்லை என்று முதலாளி வேறு ஆளை வைத்துக்கொள்கிறார். மாதம் பிறந்ததும் வாடகை நிற்கிறது. ஒரே சம்பளத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க முடியாமல் மனைவியின் வேலையும் ஆட்டம் காணுகிறது. சிறையிலிருந்து வரும் டெலிபோன் பேச்சுக்குக்கூடப் பல இடங்களில் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. முடிவில் நீதிபதி, மீறல் சிறியது, புரோபேஷன் தொடரட்டும் என்று உத்தரவிட்டு அனுப்பினால், அவன் திரும்பி வரும் இடத்தில் வேலை இல்லை. சில சமயம் வீடும் இல்லை. வேலையில் இருக்கவேண்டும், நிலையான ஜாகை வேண்டும் என்பவையே அவனுடைய ஷரத்துகள்! சர்க்காரே அவற்றை அழித்துவிட்டு, அவை இல்லையே என்று மறுபடியும் கேட்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பிரபலமான ஒரு வழக்கு இதை உலகறியச் செய்தது. பிலடெல்பியா நகரத்துப் பாடகர் மீக் மில் 2007-ல், தமது 19-ஆம் வயதில் கைதாகி, அடுத்த வருஷம் துப்பாக்கி, போதைப் பொருள் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். சிறைவாசம் முடிந்த பிறகும் ஏறக்குறைய பத்து வருஷம் புரோபேஷன் அவரைத் தொடர்ந்தது. 2017 நவம்பரில், நியூயார்க் தெருவில் மோட்டார் ஸைக்கிளை முன் சக்கரம் தூக்கி ஓட்டியது, செயின்ட் லூயி விமான நிலையத்தில் நடந்த ஒரு கைகலப்பு, பிரயாண ஷரத்தையும் போதைப் பரிசோதனையையும் பற்றிய தவறுகள் ஆகியவற்றை முன்னிட்டு, நீதிபதி அவருக்கு இரண்டு முதல் நாலு வருஷம் சிறை விதித்தார். சிறை வேண்டாம் என்று சர்க்கார் வக்கீலும் புரோபேஷன் அதிகாரியும் சொன்னதைக் கேட்கவில்லை. 2018 ஏப்ரலில் பென்ஸில்வேனியா சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டே அவரை வெளியே விட நேர்ந்தது. 2019 ஜூலையில் மேல் கோர்ட்டு பழைய தண்டனையையே தள்ளுபடி செய்தது. அடுத்த மாதம் ஒரு சிறு துப்பாக்கிக் குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு, மேற்கொண்டு தண்டனையின்றி வழக்கு முடிந்தது. செல்வமும் பெயரும் சிறந்த வக்கீல்களும் உடையவருக்கே ஐந்து மாதம் சிறை என்றால், தினக்கூலிக்காரனின் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமோ?

ராஜ்ய சர்க்கார்கள் கவுன்ஸில் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, ராஜ்யச் சிறைகளில் சேர்க்கப்பட்டவர்களில் 100-க்கு 45 பேர் புரோபேஷன் அல்லது பரோல் மீறலுக்காக வந்தவர்கள். மொத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர், புதுக் குற்றம் எதுவுமின்றி வெறும் ஷரத்து மீறலுக்காகவே வந்தவர்கள். எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் 2,80,000 பேர் இவ்விதம் மீறல்களுக்காக உள்ளே இருந்தார்கள். இதற்காக ராஜ்யங்கள் வருஷத்துக்கு 930 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. சிறையைக் குறைக்க ஏற்பட்ட வழியே சிறைக்கு ஆள் சேர்க்கும் வழியாகிவிட்டது.

மனைவி செய்யவேண்டியது

கொள்கைப் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். இன்றிரவு கணவனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தவிக்கும் ஒருத்திக்கு வேண்டியது புத்திமதி. கோர்ட்டு முறை தெரிந்தவர்கள் சொல்லக்கூடியது இதுவே.

முதலாவது, எந்தச் சிறையில் இருக்கிறார், எந்தக் கோர்ட்டின் வாரண்டு, வழக்கு நம்பர் என்ன, ஜாமீன் உண்டா இல்லையா என்பதை விசாரித்துக் குறித்துக்கொள்ளவேண்டும். பிடித்த ஜில்லா ஒன்றாகவும் வாரண்டு பிறந்த ஜில்லா வேறாகவும் இருப்பது உண்டு. அது தெரியாமல் தவறான கோர்ட்டு வாசலில் நாட்களை இழந்தவர்கள் பலர். இரண்டாவது, பழைய வழக்கை நடத்திய வக்கீலையோ, சக்தியில்லாவிட்டால் சர்க்கார் செலவில் வாதாடும் வக்கீல் அலுவலகத்தையோ உடனே நாடவேண்டும். கைதானவர் அமெரிக்கப் பிரஜையல்லாதவராயின், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலையும் கூடவே கலந்துகொள்ளவேண்டும். அங்கே போய் வாழும் நம்மவர் இதை முக்கியமாக நினைவில் வைக்கவேண்டும். மீறலை ஒப்புக்கொண்டு சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்று அவசரப்பட்டால், பின்னால் நாடு கடத்தும் வழக்குக்கு அது அடிகோலலாம்.

மூன்றாவது, சிறை டெலிபோனில் சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. அந்தப் பேச்சு பதிவாகிறது. சர்க்கார் வக்கீல் அதைக் கேட்கலாம். ‘குழந்தைகள் சௌக்கியம், வக்கீலைப் பார்த்தேன், தைரியமாயிருங்கள்’ என்பதற்கு மேல் வேண்டாம். புரோபேஷன் அதிகாரியிடம் மனம் விட்டுப் பேசினால் அவர் இரங்குவார் என்று எண்ணுவதும் அபாயம். அதிகாரியிடம் தானாகச் சொன்னதை, மௌனமாயிருக்கும் உரிமையை அவர் முன்கூட்டி எடுத்துச் சொல்லாவிட்டாலும், வழக்கில் பயன்படுத்தலாம் என்று 1984-ல் மின்னஸோட்டா எதிர் மர்பி வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. அதற்காகப் பொய் சொல்லவும் கூடாது. எதையும் மறைக்கவோ அழிக்கவோ கூடாது. அது மனைவியையே குற்றவாளியாக்கிவிடும். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்வதே சரியான வழி.

நான்காவது, காகிதங்கள். சம்பளச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, சிகிச்சை வகுப்புக்குப் போன அத்தாட்சி, அதிகாரிக்கு அனுப்பிய தகவல்களின் நகல், திரும்ப வேலை தருவதாக முதலாளியின் கடிதம் ஆகிய யாவற்றையும் திரட்டி வக்கீல் கையில் கொடுக்கவேண்டும். மேலே சொன்ன இரண்டாவது கேள்விக்கு விடை இந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. வெளியே வந்தால் எங்கே தங்குவார், என்ன வேலை செய்வார், எந்தச் சிகிச்சைக்குப் போவார் என்று திட்டமாக ஒரு யோசனையை முன்வைத்தால், மனைவியின் கண்ணீரைக் காட்டிலும் அது நீதிபதியிடம் அதிகமாகப் பேசும்.

ஐந்தாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. சில வழக்குகளில் அடிபட்டவளே மனைவியாக இருப்பாள். அவளை அணுகக்கூடாது என்பதே ஷரத்தாக இருக்கும். பிறகு மனம் மாறி அவளே கணவனை வீட்டுக்கு அழைத்தாலும், அவன் வந்தால் அது மீறலே. அந்த ஷரத்தைத் தளர்த்தும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு; அவளுக்கு இல்லை. மனம் மாறியது உண்மையானால் கோர்ட்டில் மனுச் செய்யவேண்டும். மாறவில்லையென்றால், குடும்ப கௌரவம் என்றும் வாடகைக் கஷ்டம் என்றும் சொல்லி அவளை வாய் மூடச் செய்ய யாருக்கும் பாத்தியதை இல்லை. குடும்பத்துக்காகப் பரிந்து பேசும் நாம், குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமைக்குத் திரை போடுவதாக எவரும் நினைக்கலாகாது.

எதிர்வாதமும் நமது பதிலும்

புரோபேஷன் ஒரு சலுகை. சிறை சென்றிருக்கவேண்டியவன் வெளியே இருக்கிறான். வாக்குத் தவறினால் உள்ளே போகட்டும் என்று சிலர் வாதிக்கிறார்கள். இந்த வாதத்தில் உண்மையின் அம்சம் இருக்கிறது. ஷரத்துகளுக்கு அர்த்தமில்லாமல் போனால், நீதிபதிகள் புரோபேஷன் கொடுக்கவே அஞ்சி எல்லோரையும் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள். வெளியே விடப்பட்டவன் மறுபடியும் ஒருவரைத் தாக்கினால், அடிபட்டவர் கேட்கும் கேள்விக்குச் சர்க்கார் பதில் சொல்லத்தான் வேண்டும். புதிதாகக் கொடிய குற்றம் செய்ததாகத் தக்க ஆதாரம் உள்ளவனை அடைத்து வைப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் ஆஜராகத் தவறியவனையும் ஆயுதம் எடுத்தவனையும் ஒரே வாரண்டினால் ஒரே விதமாக நடத்துவது சட்டமாகாது. சலுகை என்ற சொல்லும் பொருந்தாது. சலுகையாயினும் உரிமையாயினும், ஒருவனுடைய சுதந்தரத்தைப் பறிப்பது பெரிய நஷ்டமே என்பதை 1972, 1973 தீர்ப்புகளில் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டிருக்கிறது. தண்டனை நிச்சயமாகவும் சீக்கிரமாகவும் இருக்கவேண்டும் என்பவர்கள், அது அளவாகவும் இருக்கவேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நமது நாட்டுச் சட்டத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1958-ஆம் வருஷத்துக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-வது பிரிவின் கீழ், மூன்று வருஷத்துக்கு மேற்படாத காலத்துக்கு முச்சலிக்கையின் பேரில் ஒருவரை விடலாம். ஷரத்து மீறினால் என்ன செய்வதென்பதை 9-வது பிரிவு சொல்கிறது. கோர்ட்டு வாரண்டு அனுப்பலாம். அல்லது சம்மனோடு நிறுத்தலாம். ஆஜரானவனைக் காவலில் வைக்கலாம். அல்லது ஜாமீனில் விடலாம். முதல் தடவை மீறல் என்றால் 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் விதித்து, முச்சலிக்கையைத் தொடரச் செய்யவும் இடமுண்டு. நமது கோர்ட்டுகள் இந்தச் சட்டத்தைப் போதுமான அளவு உபயோகிப்பதில்லை என்ற குறை வேறு விஷயம். ஆனால், கால எல்லை, ஜாமீன், முதல் தவறுக்குச் சிறு தண்டனை ஆகிய மூன்றும் சட்டத்திலேயே இருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவிலும் காற்று திரும்பியிருக்கிறது. காலிபோர்னியா ராஜ்யம் 2020-ல் இயற்றிய சட்டத்தால், 2021 ஜனவரி முதல், பெரும்பாலான சிறு குற்றங்களுக்கு ஒரு வருஷமும் பெரும்பாலான பெரிய குற்றங்களுக்கு இரண்டு வருஷமும் புரோபேஷனின் உச்ச வரம்பாயிற்று. நியூயார்க் ராஜ்யம் 2021-ல் பரோல் விஷயத்தில் இயற்றிய சட்டம், வாரண்டில் பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தி, உள்ளே வைப்பது அவசியமா என்று கேட்கச் செய்தது. பென்ஸில்வேனியா 2023 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டம், வெறும் ஷரத்து மீறலுக்கான சிறைக்கு எல்லை வகுத்து, புரோபேஷனை முன்கூட்டி முடிப்பதற்கும் வழி செய்தது. இவை யாவும் சரியான திசையில் வைத்த அடிகளே. ஆனால் ஒரு ராஜ்யத்தில் பிறந்த நியாயம் எல்லை தாண்டினால் மறைந்துவிடுவது திருப்தி தரக்கூடியதன்று.

நாம் வேண்டுவன மூன்றே. புதுக் குற்றம் இல்லாத மீறலுக்கு வாரண்டுக்குப் பதில் சம்மன் அனுப்பவேண்டும். அடைத்து வைத்தே தீரவேண்டும் என்றால், ஒரு நாளைக்குள் நீதிபதி முன் நிறுத்தி, அதன் அவசியத்தைக் காட்டும் பொறுப்பைச் சர்க்கார் மேல் சுமத்தவேண்டும். மீறல் விசாரணையில் வக்கீல் இல்லாத ஏழை ஒருவன்கூட இருக்கக்கூடாது. இவற்றால் சட்டத்தின் கௌரவம் குறைந்துவிடாது.

பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஒரு குடிகாரனைச் சிறை வாசலிலிருந்து வீட்டுக்குத் திருப்பினார். அவர் பெயரால் வளர்ந்த ஏற்பாடு, வேலைக்குப் போய் வரும் மனிதனை வீட்டிலிருந்து சிறைக்குத் திருப்புமானால், அதைத் திருத்தும் பொறுப்பு அந்த நாட்டுச் சட்டசபைகளைச் சேர்ந்தது. அது வரையில், விசாரணை நாளன்று கையில் காகிதக் கட்டோடு கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கும் மனைவியே, அகஸ்டஸ் செய்த வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள்.